செங்கல் பாடத்துக்கு ஒரு திருத்தம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். இருபது வருடமாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாக நட்பில் சேர்ந்தவர்களுக்காக: நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, நாகை மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நிலவியல் படித்தவள் இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தவள், அவ்வளவுதான்.

பூகம்பம் பற்றிப் பேச வேண்டி வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு செங்கல்லை வைத்துத்தான் பேசுவேன். பெஞ்சின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அதன் மேல் செங்கல்லை வைப்பேன். செங்கல்லைச் சுற்றிச் சணல் கட்டி, அதில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிய ஒரு பட்டையை முடிந்து, ஒரு பிள்ளையை மெதுவாக இழுக்கச் சொல்வேன். ட்யூப் நீளும், நீளும், செங்கல் அசையாது. திடீரென்று ஒரு குதி குதிக்கும். நின்றுவிடும். மறுபடி ட்யூப் நீளும். மறுபடி ஒரு குதி. இன்னொரு பிள்ளை ஒவ்வொரு முறை செங்கல் நிற்கும் இடத்திலும் சாக்பீஸால் கோடு போடும்.

“இழுக்கிற கை புவித்தட்டு. ட்யூப் என்பது வளைந்து கொடுக்கிற பாறை. செங்கல்லுக்கு அடியில் இருக்கிறது நிலப்பிளவு. குதிக்கிறதுதான் பூகம்பம்” என்று சொல்வேன். இதுவரை சரி. கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: “அமெரிக்காவில் ஒரு கிராமத்தில் கருவிகளைப் புதைத்துக் காத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் மழை மாதிரி இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.” எப்போதோ ஒரு அறிவியல் பத்திரிகையில் படித்தது. வருடா வருடம் சொல்லி வந்தேன். 2004 ஜூலையிலும் சொன்னேன்.

அந்த டிசம்பர் 26 என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரையாண்டு விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பள்ளி கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது ஆறாம் வகுப்பில் ஒரு பையன் தன் வீட்டிலிருந்து வரவில்லை, பாட்டி வீட்டிலிருந்து வந்தான். அவனுடைய அம்மாவும் தங்கையும் இல்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேசை பக்கத்தில் வந்து நின்றான்.

“டீச்சர், முன்னாடியே சொல்லிடுவாங்கன்னு சொன்னீங்கல்ல? ஏன் சொல்லல?”

அழவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டான். நான் அவன் தலையில் கை வைத்து ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. ஆனால் அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். என் செங்கல் எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் பொய் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படித்த பிறகுதான் தெரிந்தது, உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே கேள்விதான் ஐம்பது அறுபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று. மேசை மேல் ஒரு கல் நடந்துகொள்வது போலத்தான் மண்ணுக்கு அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிளவும் நடந்துகொள்கிறதா?

உராய்விலிருந்து தொடங்குகிறேன். லியனார்டோ டா வின்சி 1490-களிலேயே கட்டைகளை இழுத்துப் பார்த்துக் குறித்து வைத்தார், ஆனால் வெளியிடவில்லை. 1699-ல் பிரான்சில் அமோந்தோன் அதே விதிகளை மறுபடி கண்டுபிடித்தார்: எடை கூடினால் உராய்வு கூடும், தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. அடுத்து வந்தவர் குலோம். மின்சாரப் பாடத்தில் நாம் படித்த அதே குலோம்தான், ராணுவப் பொறியாளர். 1781-ல் பிரெஞ்சு அகாடமியின் பரிசு பெற்ற ஆய்வில் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். ஒரு கட்டை இன்னொரு கட்டையின் மேல் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறதோ, அவ்வளவுக்கு அதை நகர்த்துவது கடினமாகிறது. வீட்டில் பழைய பீரோவை நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதல் அசைவுக்குத்தான் நாலு பேர் வேண்டும், அசைந்த பிறகு இரண்டு பேர் போதும்.

பூகம்பத்தோடு இதற்குச் சம்பந்தம் உண்டு என்பதற்கான முதல் பெரிய படி 1906-ல் வந்தது. ஏப்ரல் 18 விடியற்காலை சான் பிரான்சிஸ்கோ அதிர்ந்தபோது, கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு சுமார் 470 கிலோமீட்டர் நீளத்துக்கு நகர்ந்தது. நேராக இருந்த வேலிகள் பிளவு கடக்கும் இடத்தில் வெட்டி வைத்தது போல் விலகி நின்றன. ஓரிடத்தில் சாலையே ஏறக்குறைய 6 மீட்டர் தள்ளிப் போயிருந்தது. ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற பேராசிரியர் 1851 முதல் எடுத்த நில அளவைக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பூகம்பத்துக்கு முன்பே, பல பத்தாண்டுகளாக, பிளவிலிருந்து தூரத்தில் உள்ள நிலம் மெதுவாக நகர்ந்து வந்திருக்கிறது. பிளவு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நடுவில் உள்ள பாறை ரப்பர் போல வளைந்து, ஒரு நாள் தாங்காமல் விடுபட்டிருக்கிறது. 1910-ல் அவர் எழுதிய மீள்திறன் கோட்பாடு இதுதான். அதை விளக்க அவரும் ஒரு மேசைச் சோதனை செய்தார். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் கெட்டியான ஜெல்லியை ஒட்டவைத்து, கத்தியால் கீறி, நகர்த்திப் பார்த்தார். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. செங்கல்லும் ட்யூபும் வைத்துக்கொண்ட நானும் தவறான கூட்டத்தில் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பல கிலோமீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் பாரம் பயங்கரமானது. அவ்வளவு அழுத்தத்தில் இரண்டு பாறை முகங்கள் எப்படித் திடீரென்று வழுக்கும்? புதிதாகப் பாறை உடைந்தால்தான் அதிர்வு வரும் என்றால், ஆய்வுக்கூடத்தில் பாறை உடையும்போது வெளியாகும் தகைவு, உண்மைப் பூகம்பங்களில் கணக்கிடப்படுவதைவிட மிக அதிகம். கணக்கு ஒட்டவில்லை.

1966-ல் எம்ஐடி-யில் வில்லியம் பிரேஸ், ஜேம்ஸ் பயர்லி என்ற இருவர் இதற்கு விடை சொன்னார்கள். சிறிய கிரானைட் உருளைகளைப் பெரிய அழுத்தத்தில் வைத்து அமுக்கினார்கள். வெட்டு விழுந்த கல்லின் இரு பாதிகளும் சீராக நழுவவில்லை. ஒட்டி நின்றன, குதித்தன, மறுபடி ஒட்டின. ஒவ்வொரு குதியிலும் சேர்ந்திருந்த தகைவில் சிறு பங்குதான் குறைந்தது. உண்மைப் பூகம்பத்தில் காண்பதும் அதுதானே? பூகம்பம் என்பது பெரும்பாலும் பாறை புதிதாக உடைவதல்ல, ஏற்கெனவே உள்ள வெட்டில் நடக்கும் குதிப்பு என்றார்கள். அந்த நாளிலிருந்து பூகம்ப ஆய்வு ஒரு மேசைக்கு வந்துவிட்டது.

பயர்லி அதோடு நிற்கவில்லை. பலவகைப் பாறைகளின் உராய்வுக் கணக்குகளை ஒன்றுசேர்த்து 1978-ல் வெளியிட்டார். கிரானைட்டோ சுண்ணாம்புக்கல்லோ மணற்கல்லோ, எல்லாவற்றின் உராய்வும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு டன் பாரம் அழுத்தினால் நகர்த்த 600 முதல் 850 கிலோ வரை விசை வேண்டும். அதாவது உராய்வுக் குணகம் 0.6 முதல் 0.85. சில களிமண் வகைகள் மட்டும் இதற்கு விலக்கு. இந்த விலக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வரும்.

மேசைக் கல்லை நம்பலாம் என்பதற்கு அழகான சாட்சி கொலராடோ மாநிலத்தில் கிடைத்தது. 1962-ல் டென்வர் அருகே ராணுவ ரசாயனக் கழிவுநீரை ஆழ்துளைக் கிணற்றில் அழுத்தி இறக்கத் தொடங்கினார்கள். அதுவரை பெரிதாக அதிர்வு இல்லாத இடத்தில் சிறு பூகம்பங்கள் வந்தன. பாறை இடுக்கில் நீரழுத்தம் ஏறினால் இரு முகங்களையும் அது சற்றுத் தள்ளிப் பிடிக்கிறது, பிடிமானம் குறைகிறது. ஈரத் தரையில் செருப்பு வழுக்குவது போல என்று மேலோட்டமாகச் சொல்லலாம், ஆனால் இங்கே தண்ணீர் எண்ணெய் போல வழுவழுப்பாக்குவதில்லை, பாரத்தைத்தான் தாங்கிக்கொள்கிறது.

அதே மாநிலத்தில் ரேஞ்ச்லி என்ற எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை இதை வேண்டுமென்றே சோதித்தது. அந்த வயலின் மணற்கல்லை எடுத்து ஆய்வுக்கூடத்தில் உராய்வை அளந்தார்கள். அந்த எண்ணை வைத்து, இடுக்கு நீரின் அழுத்தம் சுமார் 257 பார் அளவைத் தாண்டினால் பிளவு வழுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு வயலில் அழுத்தத்தை அதற்குக் கீழே இறக்கினார்கள், பூகம்பங்கள் ஏறக்குறைய நின்றன. மேலே ஏற்றினார்கள், வந்தன. மறுபடி இறக்கினார்கள், அடங்கின. குழாயைத் திறந்து மூடுவது போல. கையில் அடங்கும் ஒரு கல் சொன்ன எண், கிலோமீட்டர் ஆழத்தில் செல்லுபடியானது. இன்றைக்கும் கழிவுநீர் இறக்கும் கிணறுகளால் பூகம்பம் வரும் இடங்களில் இந்தப் பாடம்தான் கை கொடுக்கிறது.

இந்த வெற்றியின் சூட்டில்தான் ஆசை பெரிதானது. ஆய்வுக்கூடத்தில் பாறை உடையும் முன் நுண்ணிய விரிசல்கள் திறந்து கொஞ்சம் உப்பும். அப்போது அதன் வழியே போகும் அதிர்வலைகளின் வேகம் மாறும். மண்ணுக்கு அடியிலும் இப்படி நடந்தால் அலை வேகத்தை அளந்து பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லலாமே என்று 1970-களின் தொடக்கத்தில் பலர் நம்பினார்கள். சில இடங்களில் அப்படித் தெரிந்தது போலவும் இருந்தது. கவனமாகத் திரும்ப அளந்தபோது அந்த மாற்றம் காணவில்லை. 1975-ல் சீனாவில் ஹைசெங் நகரில் முன்னதிர்வுகளையும் வேறு அறிகுறிகளையும் பார்த்து மக்களை வெளியேற்றிப் பலரைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருடம் ஜூலையில் டாங்ஷான் நகரம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இடிந்தது. அரசுக் கணக்குப்படியே இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

இனி நான் வகுப்பில் சொன்ன அந்தக் கிராமத்துக்கு வருகிறேன். பெயர் பார்க்ஃபீல்ட். சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கும் மிகச் சிறிய ஊர். அங்கே பூகம்பம் வந்த வருடங்கள்: 1857, 1881, 1901, 1922, 1934, 1966. இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். 24, 20, 21, 12, 32. சராசரி ஏறக்குறைய 22. 1934-லும் 1966-லும் பெரிய அதிர்வுக்குச் சரியாக 17 நிமிடம் முன்பு ஒரு முன்னதிர்வும் வந்தது. 1966-ல் சில மணி நேரம் முன்பே, பிளவைக் கடந்து போகும் ஒரு பாசனக் குழாய் உடைந்திருந்தது. பிளவு முன்னாலேயே மெல்ல நகர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வுக்கூடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் டீட்ரிச் குலோம் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, கற்களை அழுத்தி வைத்துக் காத்திருந்து அளந்தார். ஒரு நொடி, பத்து நொடி, நூறு நொடி என்று பத்து மடங்காகக் காத்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் பிடிமானம் ஒரே அளவு கூடுகிறது என்று 1972-ல் காட்டினார். காரணம் எளிது. புதிதாகக் கொத்திய அம்மியைத் தடவிப் பாருங்கள். இரண்டு கல் முகங்கள் முழுவதும் தொடுவதில்லை, மேடுகள் மட்டும்தான் தொடுகின்றன. அழுத்தத்தில் அந்தத் தொடுபுள்ளிகள் மெல்ல நசுங்கி அகலமாகின்றன. நகரத் தொடங்கினால் பழைய புள்ளிகள் விட்டுப் புதியவை வருகின்றன, அவற்றுக்கு வயது குறைவு, பிடிமானமும் குறைவு. 1979-ல் டீட்ரிச்சும் 1983-ல் ஆண்டி ருயினாவும் இதைச் சமன்பாடாக்கினார்கள். இன்றைக்கும் பூகம்பக் கணினி மாதிரிகள் பலவற்றின் அடிப்படை அதுதான்.

டீட்ரிச்சின் கூடத்தில் ஒன்றரை மீட்டர் சதுரமான கிரானைட் பலகை ஒன்று இருந்தது. குறுக்கே இரண்டு மீட்டர் வெட்டு. அதன் ஓரமெல்லாம் கருவிகளை ஒட்டி அமுக்கிப் பார்த்தால், குதிப்பதற்கு முன் ஒரு சிறு பகுதி மட்டும் மெல்ல நழுவத் தொடங்குவதை அளக்க முடிந்தது. கல்லே முன்னறிவிப்புத் தருகிறது! பிறகென்ன? 1985-ல் அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள்: பார்க்ஃபீல்டில் 1993-க்குள் சுமார் 6 அளவில் ஒரு பூகம்பம் வரும், வாய்ப்பு 95 சதவீதம். கிராமத்தைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். நான் பத்திரிகையில் படித்தது இந்தக் காத்திருப்பைத்தான்.

1993 போயிற்று. 2000 போயிற்று. கடைசியில் 2004 செப்டம்பர் 28 அன்று வந்தது. 38 வருட இடைவெளி. அளவு 6.0. நகர்ந்தது எதிர்பார்த்த அதே பகுதி. ஆனால் 17 நிமிட முன்னதிர்வு இல்லை. முந்தைய இரண்டும் வடமேற்கு முனையில் தொடங்கித் தென்கிழக்காக ஓடின, இது தென்கிழக்கில் தொடங்கி எதிர்ப்பக்கம் ஓடியது. கிணறுகளுக்குள் இறக்கியிருந்த நுட்பமான கருவிகளில் எந்த முன்நழுவலும் பதியவில்லை. உலகத்திலேயே அதிகம் கண்காணிக்கப்பட்ட பிளவுகளில் ஒன்று, ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்ந்துவிட்டது. எங்கே, எவ்வளவு பெரிதாக என்பது சரி. எப்போது என்பது தவறு.

தேதியைப் பார்த்தீர்களா? சுமத்ராவுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால். நான் ஜூலையில் வகுப்பில் கொடுத்த வாக்குறுதி செப்டம்பரிலேயே பொய்யாகிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஏன் இப்படி? மேசைக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். ஆய்வுக்கூடக் கல்லில், பிடிமானம் தளர்வதற்குச் சில மைக்ரோமீட்டர் முதல் நூறு மைக்ரோமீட்டர் வரை நழுவினால் போதும், ஒரு தலைமுடிப் பருமன்தான். 1995 கோபே பூகம்பத்தின் பதிவுகளிலிருந்து கணக்கிட்டவர்களுக்குக் கிடைத்ததோ அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். எது சரி என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஆய்வுக்கூட அளவே உண்மை என்றால், பூகம்பத்துக்கு முந்தைய நழுவல் பத்து கிலோமீட்டர் ஆழத்தில் சில மீட்டர் அகலத்தில் நடந்து முடிந்துவிடும், மேலே உள்ள எந்தக் கருவிக்கும் அது எட்டாது. பலகைக் கல்லில் ஓரத்திலேயே கருவி ஒட்டலாம். பூமிக்கு ஓரம் ஏது?

இன்னொரு புதிர் வெப்பம். குளிருக்குக் கையைத் தேய்த்தால் சூடாகிறது அல்லவா? சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் உராய்வு பயர்லி சொன்ன 0.6 என்றால், லட்சக்கணக்கான வருடத் தேய்ப்பில் பிளவை ஒட்டிய நிலம் சுற்றியுள்ள நிலத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருக்க வேண்டும். 1969 முதல் துளைக் கிணறுகளில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார்கள். அப்படி ஒரு சூடே இல்லை. கல் பொய் சொல்கிறதா, பிளவு பொய் சொல்கிறதா என்று முப்பது வருடத்துக்கு மேல் சண்டை.

தீர்க்க ஒரே வழி, பிளவுக்குள்ளேயே போய்க் கல்லை எடுத்து வருவது. பார்க்ஃபீல்ட் பக்கத்திலேயே 2004-ல் ஆழமாகத் துளைக்கத் தொடங்கி, 2007-ல் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பிளவின் பாறையை உருளை உருளையாக வெளியே எடுத்தார்கள். அதில் சாபோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய இருந்தது. லத்தீனில் சோப்பு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், தொட்டாலும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் அளந்தால் உராய்வு 0.15 அளவுதான். பயர்லி சொன்ன அந்த விலக்குதான் இது. அந்தப் பகுதி பெரிதாகக் குதிக்காமல் வருடம் முழுவதும் ஊர்ந்துகொண்டே இருப்பதற்கும் காரணம் தெரிந்தது. கல் பொய் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் கேட்டது வேறு கல்லிடம்.

வேகத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. பழைய சோதனைகள் எல்லாம் நொடிக்கு மைக்ரோமீட்டர் கணக்கில் மெதுவாக நகர்த்தியவை. உண்மைப் பூகம்பத்தில் பிளவின் இரு பக்கமும் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஓடுகின்றன. 1990-களில் ஜப்பானில் தோஷிஹிகோ ஷிமாமோட்டோ, கல் உருளைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து மாவரைக்கிற மாதிரி வேகமாகச் சுற்றும் இயந்திரம் கட்டினார். அந்த வேகத்தில் கல் உருகியது. உருகிய படலமே வழுக்கச் செய்தது. பிறகு இத்தாலியின் ஜூலியோ டி டோரோவும் கூட்டாளிகளும் நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்து 2011-ல் காட்டினார்கள்: பல வகைப் பாறைகளில் பூகம்ப வேகத்தில் உராய்வு 0.6-லிருந்து 0.1, 0.3 என்று விழுந்துவிடுகிறது. அப்படியானால் வெப்பம் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

இது ஏட்டுக் கணக்கோடு நிற்கவில்லை. ஆழ்கடல் அகழிக்குப் பக்கத்தில், கடல்தரைக்குச் சற்றுக் கீழே உள்ள மெத்தென்ற களிமண் பிளவு பெரிதாக நகராது என்றுதான் பலர் நினைத்தார்கள். மெதுவான சோதனைகளில் அந்தக் களிமண் வேகம் கூடக்கூடப் பிடித்துக்கொள்ளும் குணத்தைக் காட்டியது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் தோஹோகு கரைக்கு அப்பால் அதே பகுதி சுமார் 50 மீட்டர் பாய்ந்தது. கடல்தரையைத் தூக்கிப் பெரும் சுனாமியை எழுப்பியது. அடுத்த வருடமே சிக்யூ என்ற துளைக் கப்பல் போனது. ஏறக்குறைய 6,900 மீட்டர் கடலாழம். அதற்கும் கீழே 820 மீட்டர் துளைத்துப் பிளவின் களிமண்ணை எடுத்தார்கள், துளைக்குள் வெப்பமானிகளைத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் விட்டுவைத்தார்கள். பூகம்பத்தின் தேய்ப்பால் மிஞ்சியிருந்த சூடு 0.31 டிகிரி. அதிலிருந்து கணக்கிட்ட உராய்வு 0.08. எடுத்து வந்த களிமண்ணை வேகமாகச் சுற்றும் இயந்திரத்தில் வைத்தபோதும் அதே மாதிரி மிகக் குறைந்த உராய்வுதான் கிடைத்தது. மேசையும் கடலாழமும் கைகுலுக்கிய நாள் அது. சரியான கல்லை எடுத்து, சரியான வேகத்தில் கேட்டதால் கிடைத்த பதில்.

நம் கரையைத் தொட்ட பூகம்பத்தையும் விட்டுவைக்கவில்லை. 2016-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் சுமத்ராவுக்கு மேற்கே கடல்தரையைத் துளைத்தது. அங்கே வண்டல் அடுக்கு கிலோமீட்டர் கணக்கில் தடிமனானது. அதன் பாரத்தில் அடி வண்டல் சூடாகி, கனிமங்களிலிருந்து நீர் வெளியேறி, அகழிக்குள் நுழைவதற்கு முன்பே கெட்டிப்பட்டுவிடுகிறது என்று மறுவருடம் எழுதினார்கள். அதனால்தான் பிளவு கடல்தரைக்கு அருகிலேயே இறுகப் பிடித்திருந்து அவ்வளவு பெரிதாக நகர முடிந்தது என்பது அவர்கள் விளக்கம். ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளம் கிழிந்த பூகம்பம் அது.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு நாள் என் பழைய பெஞ்சு நினைவுக்கு வந்தது. அந்த சாக்பீஸ் கோடுகள். வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், “டீச்சர், ஒரு தடவை கிட்ட குதிக்குது, ஒரு தடவை தூரக் குதிக்குது, ஏன்?” நான் “நீ இழுக்கிறது சரியில்லை, சீராக இழு” என்பேன். சீராக இழுத்தாலும் கோடுகள் சமமாக விழுந்ததே இல்லை. ஒவ்வொரு குதியும் உப்புத்தாளின் மணலைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது, அடுத்த குதி வேறு தரையில் நடக்கிறது. 24, 20, 21, 12, 32, 38. பார்க்ஃபீல்ட் சொன்னதை என் செங்கல் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் பிள்ளையைத் திருத்தினேன், பாடத்தைத் திருத்தவில்லை.

அந்தப் பையன் இப்போது பெரியவன். கடலோரத்தில்தான் குடும்பத்தோடு இருக்கிறான். என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறான். பெயர் சொல்லப் போவதில்லை. இனி எழுதுவது அவனுக்கு.

தம்பி, அன்றைக்கு நீ கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன். பூகம்பம் வரும் நாளையும் நேரத்தையும் யாராலும் சொல்ல முடியாது. அன்றும் முடியாது, இன்றும் முடியாது. முடியும் என்று நான் சொன்னது தவறு. எந்தப் பிளவு, எவ்வளவு இறுக்கம், நகர்ந்தால் எவ்வளவு நகரும் என்பதை மட்டும் கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் அலை வேறு. சுமத்ராவில் பிளவு நகர்ந்ததற்கும் அலை நம் கரைக்கு வந்ததற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. நம்மில் பலருக்கு அதிர்வே தெரியவில்லை. பசிபிக் கடலில் அரை நூற்றாண்டுக்கு மேலாக எச்சரிக்கை அமைப்பு இருந்தது, நம் பெருங்கடலில் இல்லை. உன் அம்மாவிடம் யாராவது சொல்லியிருக்க முடியும். அதைச் சொல்ல அன்று எனக்கு அறிவும் இல்லை, தைரியமும் இல்லை. 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் நமக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கிருந்து எச்சரிக்கை வந்தால் தட்டிக் கழிக்காதே. அது வரும் முன்பே தரை நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடு. பிறகு வந்து என்னிடம் கேள்வி கேள்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செங்கல் பாடத்தைத் தாராளமாக நடத்துங்கள். நல்ல பாடம் அது. சாக்பீஸ் கோடுகளைப் பிள்ளைகளையே அளந்து எழுதச் சொல்லுங்கள். ஏன் சமமில்லை என்று கேட்கிற பிள்ளையை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

எண்களிலோ பெயர்களிலோ பிழை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.